இரைப்பையும் அகப்பையும்: எடைக் குறைப்பு அறுவைக்கு முன்னும் பின்னும்

மலேசியத் தமிழர் ஒருவரைக் காலையில் பார்த்தால் வணக்கத்துக்கு முன்பே வந்து விழும் கேள்வி, "பசியாறிட்டீங்களா?" காலைச் சாப்பாட்டுக்கே இங்கே பசியாறல் என்றுதான் பெயர். அறுவை முடிந்த பதினோராம் நாள், செந்தூல் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த என் அக்காவிடம் எதிர்வீட்டுப் பாட்டியும் இதையே கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "பசி வந்தாத்தானே பாட்டி ஆறுறதுக்கு," என்றாள். பாட்டி அதை விரக்திப் பேச்சாக எடுத்துக்கொண்டார். உள்ளே போனவர் ஒரு கிண்ணம் சேமியாப் பாயசத்தோடு திரும்பி வந்தார்.

அக்கா சொன்னதில் விரக்தி எதுவும் இல்லை, அது உடம்பின் கணக்கு. நம்மைச் சாப்பிடத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில்தான் சுரக்கிறது. அக்காவுக்குச் செய்த 'ஸ்லீவ்' அறுவையில் அந்தப் பகுதியைத்தான் வெட்டி எடுக்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நீளவாக்கில் போய்விடும். சின்னச் சின்ன டைட்டானியப் பின்களால் தைத்து மூடப்பட்ட ஒரு வாழைப்பழ வடிவக் குழாய் மட்டும் மிஞ்சும். முன்பு ஒரு லிட்டருக்கு மேல் விரிந்த பைக்குள் இனி ஒரு கிளாஸ் தே தாரேகூட முழுசாக அடங்காது. பசி பல மாதங்களுக்கு மங்கிப்போகும். ஆனால் ஊட்டுகிற கைகளுக்கு எந்த அறுவையும் நடக்கவில்லை. மருத்துவமனை தரும் கையேடுகள் இரைப்பையைப் பற்றி விலாவாரியாகப் பேசுகின்றன, வீட்டில் இருக்கும் அகப்பையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நம் குடும்பங்களில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்‌ஷன் இல்லை. இந்த அறுவையில் வயிற்றுக் கொழுப்பை யாரும் தொடுவதில்லை. பைபாஸ் என்ற பெயரும் வீட்டுக்கு வீடு கலவரம் உண்டாக்கும். மருத்துவர் அந்தச் சொல்லைச் சொன்னதுமே அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இருதயத்துலயும் அடைப்பா டாக்டர்?" இங்கே பைபாஸ் என்பது இருதயத்தோடு அடையாளப்பட்டுப் போன சொல். எடைக் குறைப்பில் பைபாஸ் என்றால், இரைப்பையின் உச்சியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் ஒரு குட்டிப் பையைத் தனியே பிரித்து, சிறுகுடலைக் கீழிருந்து இழுத்து நேராக அதில் இணைப்பது. உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமலே கடந்துவிடும். நீரிழிவு கடுமையாக இருப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும் இதையே அதிகம் பரிந்துரைக்கிறார்கள். ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் மோசமாகலாம். ஒரே இணைப்போடு முடியும் 'மினி பைபாஸ்' என்ற வகையும் உண்டு. இரைப்பையைச் சுற்றிப் பட்டை மாட்டும் பழைய முறை அநேகமாக வழக்கொழிந்துவிட்டது.

யாருக்குச் செய்யலாம் என்பதில் உலகக் கணக்கும் நம் கணக்கும் வேறு. 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதி, உடல் நிறை குறியீடு (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண்) 40ஐத் தாண்ட வேண்டும், கூடவே நோய் இருந்தால் 35 போதும் என்றது. 2022இல் உலக எடைக் குறைப்பு அறுவை நிபுணர் அமைப்புகள் அதைத் திருத்தின. 35க்கு மேல் என்றால் நோய் இல்லாவிட்டாலும் செய்யலாம், ஆசியர்களுக்கு 27.5 முதலே பேச்சைத் தொடங்கலாம் என்பது இப்போதைய நிலை. 160 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு 27.5 என்றால் 70 கிலோ, 35 என்றால் ஏறத்தாழ 90 கிலோ. ஆசியருக்கு ஏன் தனி அளவுகோல் என்றால், குறைந்த எடையிலேயே நமக்குத் தொப்பையில் கொழுப்பு சேர்ந்து நீரிழிவு வந்துவிடுகிறது. மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உடையவர்கள். 2019 ஆய்வில் இந்தியர்களில் பத்தில் மூன்று பேருக்கு நீரிழிவு இருந்தது, எல்லா இனங்களிலும் அதுவே அதிகம். இந்த எண்களைத் திருமண மண்டபத்துப் பந்தியில் நின்று யோசித்தால் ஒரு மாதிரியாக இருக்கும்.

பணம். கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையம், செராஸிலுள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்ற இடங்களில் இந்த அறுவை நடக்கிறது. செலவு குறைவு, காத்திருப்பு நீளம். தனியாரில் நாங்கள் விசாரித்தபோது 30,000 வெள்ளிக்கு மேல் சொன்னார்கள். கையில் மெடிக்கல் கார்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பெரும்பாலான காப்புறுதிகளில் எடைக் குறைப்புச் சிகிச்சை விலக்குப் பட்டியலில் இருக்கும். எழுத்துபூர்வமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்கா முதலில் போன இடத்தில் மருத்துவரைப் பார்க்கும் முன்பே ஒரு பெண் 'பேக்கேஜ்' தாளை நீட்டி, இந்த மாதமே செய்தால் கழிவு உண்டு என்றார். அக்காவுக்கு இரைப்பை அழற்சி இருந்ததா, குறட்டை இருந்ததா என்று ஒரு கேள்வி இல்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். இத்தனைக்கும் அக்கா முன்பணம் கட்டக் கைப்பையைத் திறந்துவிட்டிருந்தாள்.

ஒழுங்கான இடத்தில் அறுவைக்கு முன்பு சில மாதங்கள் ஓடிவிடும். உணவியல் நிபுணர், உளவியலாளர், நாளமில்லாச் சுரப்பி மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர் என்று ஆள் மாற்றி ஆள் பார்க்க வேண்டும். அலைக்கழிப்பதாகத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்வது இரைப்பையில் புண்ணும் ஹெலிகோபேக்டர் கிருமியும் இருக்கிறதா என்று பார்க்க. கிருமி இருந்தால் பெரும்பாலும் இரண்டு வாரம் மாத்திரை போட்டு ஒழித்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்கள். இரும்புச்சத்து, பி12, டி உயிர்ச்சத்துகளை இப்போதே அளந்துவைப்பது, ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு அறுவைக்குப் பிறகு அது அதலபாதாளத்துக்குப் போகும் என்பதால். புகைப்பவர் சில வாரங்களுக்கு முன்பே அடியோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தையல் ஆறாது.

குறட்டை விஷயத்தில் அத்தான்தான் சாட்சி. அக்கா தூங்கும்போது கைத்தொலைபேசியில் பதிவு செய்து, மருத்துவர் அறையில் போட்டுக் காட்டினார். குறட்டை ஏறி ஏறிப் போய் திடீரென நின்றது. அறையில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். பன்னிரண்டு நொடி கழித்துத்தான் மறுபடி 'ஹக்' என்று தொடங்கியது. மருத்துவர் ஒன்றும் பேசாமல் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். உறக்கத்தில் மூச்சு அடைபடும் இந்தக் கோளாறு தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபத்து. ஆறு வாரம் முகமூடிக் கருவி மாட்டித் தூங்கிய பிறகே அக்காவுக்கு நாள் குறித்தார்கள்.

நீரிழிவு மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை அறுவைக்கு மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினியோடு சேர்ந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடும், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே அது நடக்கலாம். வாரம் ஒருமுறை போடும் எடைக்குறைப்பு ஊசி எடுத்துக்கொள்பவர்கள் அதை மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. அந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் சாப்பாடு மேலேறி நுரையீரலுக்குள் போக வாய்ப்பு உண்டு.

பிறகு வருகிறது அறுவைக்கு முந்தைய அந்த இரண்டு வாரப் பத்தியம். இரைப்பைக்கு முன்னால் கல்லீரலின் இடது மடல் விரிப்பு போலப் படுத்திருக்கிறது. பருமனானவர்களுக்கு அது கொழுத்துக் கனத்திருக்கும். துளைவழி அறுவையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும், கனமாக இருந்தால் கிழிந்து ரத்தம் கொட்டும். மாவுச்சத்தை வெட்டி, நாளுக்கு 800 முதல் 1,000 கலோரிக்குள் சாப்பிட்டால் கல்லீரல் சேமித்துவைத்த சர்க்கரையும் நீரும் வடிந்து இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும். படிக்கச் சுலபம். அக்காவுக்கு மூன்றாம் நாள் மண்டையிடி, நான்காம் நாள் எல்லார் மீதும் எரிச்சல். ஐந்தாம் நாள் இரவு அடுப்படியில் சத்தம் கேட்டுப் போனால் அம்மா கல்லில் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். பட்டர்வொர்த்திலிருந்து மகளைக் கவனிக்க வந்தவர். "புள்ள சுருண்டு படுத்திருக்கா. ஒத்தத் தோசைல என்னா ஆயிடப் போவுது?" ஒத்தத் தோசையில் ஒன்றும் ஆகிவிடாதுதான், ஒத்தத் தோசை ஒத்தையோடு நிற்பதில்லை. கல்லீரல் சுருங்கவில்லை என்று மேசையில் படுக்கவைத்த பிறகு அறுவையைக் கைவிட்ட நிகழ்வுகள் உண்டு.

அன்று ராத்திரி அத்தான் அம்மாவை உட்காரவைத்துக் கையேட்டைத் தமிழில் வரிவரியாகப் படித்துச் சொன்னார். அதை ஒரு மாதம் முன்பே செய்திருக்க வேண்டும். பலர் இந்த அறுவையை வெளியே சொல்வதில்லை. பித்தப்பைக் கல் எடுத்தோம், குடலிறக்கம் என்று சமாளிக்கிறார்கள். சோம்பேறிக்குக் குறுக்குவழி என்று பேச்சு வருமே என்ற பயம். தூரத்துச் சொந்தத்துக்கு எதையும் சொல்லிக்கொள்ளலாம். ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களிடமும், குறிப்பாகச் சமைப்பவரிடமும் மறைத்தால் பின்னால் வினையாகும் என்பது என் கருத்து. அவர்கள் அன்பால்தான் கெடுப்பார்கள்.

அறுவை ஒன்றரை மணி நேரம் போல எடுத்தது, ஐந்து சின்னத் துளைகள். அக்கா எழுந்ததும் சொன்ன முதல் புகார் தோள்பட்டை வலி. வயிற்றை உப்பவைக்கச் செலுத்திய வாயு உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரிகிறது. நடந்தால் குறையும். அன்று மாலையே தாதி எழுப்பி நடக்கவிட்டார். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போவதைத் தடுக்கவும் அந்த நடைதான் மருந்து, கூடவே ஊசியும் போட்டார்கள். குடிக்கக் கொடுத்தது இருமல் மருந்துக் குப்பியின் மூடி போன்ற 30 மில்லிக் கிண்ணத்தில் தண்ணீர். அதைக் கால் மணி நேரத்தில் உறிஞ்சி முடிக்க வேண்டும். ஒரு மடக்கு அவசரப்பட்டுவிட்டால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தது போல நிற்கும். மூன்றாம் நாள் வீடு.

முதல் இரண்டு வாரம் திரவம், அடுத்து மசித்தது, பிறகு மெத்தென்றது. ஆறு, எட்டு வாரத்தில்தான் வழக்கமான சாப்பாடு, அதுவும் கிண்ணியளவு. நாளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீரும் 60 கிராமுக்குக் குறையாத புரதமும் உள்ளே போக வேண்டும், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முன்னும் பின்னும் அரை மணி இடைவெளி. நோயாளி என்றதும் நம் வீட்டில் அடுப்பில் ஏறுவது கஞ்சி. கஞ்சியில் புரதம் மிகக் குறைவு, இருக்கிற சின்ன இடத்தை அது அடைத்துக்கொண்டால் தசை கரையும், முடி கொட்டும். அம்மா இதை ஏற்க ஒரு வாரம் ஆனது. வடிகட்டிய ரசம், எலும்பு சூப்பு, மோர், புரதப் பால், பிறகு மசித்த பருப்பு, அவித்த மீன், கலக்கிய முட்டை என்று மெல்ல வழிக்கு வந்தார். சைவர்களுக்குத் தவ்ஃபு, தெம்பே, பன்னீர், கெட்டித் தயிர் கைகொடுக்கும். சோறும் ரொட்டியும் மென்று விழுங்கினாலும் உள்ளே உருண்டையாகி அடைக்கும், பலருக்கு அவை மாதக்கணக்கில் ஒத்துக்கொள்ளாது.

அந்தப் பாயசத்துக்கு வருவோம். பாட்டி மனம் நோகுமே என்று அக்கா இரண்டு தேக்கரண்டி வாயில் போட்டுவிட்டாள், திரவக் கட்டத்தில் சேமியா! கால் மணி நேரத்தில் வியர்த்து, படபடத்து, வாந்தி எடுத்தாள். சர்க்கரை வேகமாகக் குடலில் இறங்கும்போது வரும் இதற்கு டம்பிங் என்று பெயர். பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரும். சிலருக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை சடாரென இறங்கி மயக்கம் வரும். கெட்டிப்பால் தே தாரே, செண்டோல், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் இந்தப் பட்டியலில்தான்.

பயப்பட வேண்டியது வேறு. தையல் கசிவு நூற்றில் ஒருவருக்குப் போல நடக்கிறது. இதயத்துடிப்பு ஓயாமல் வேகமாக இருப்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சு வாங்குவது, இவற்றில் எதுவந்தாலும் தைலம் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அறுவை செய்த இடத்துக்கு அப்போதே கிளம்ப வேண்டும். உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் அளவில்தான், பித்தப்பை அறுவைக்கு ஏறத்தாழச் சமம். தொடர் வாந்தியைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். சில வாரங்களிலேயே பி1 உயிர்ச்சத்து தீர்ந்து, பார்வை இரட்டையாகி, நடை தள்ளாடி, மூளையே பாதிக்கப்படலாம்.

மூன்றாம் மாதம் பலருக்கு முடி கொத்துக் கொத்தாக உதிரும். அக்கா குளியலறை வடிகாலில் இருந்து எடுத்துக் காட்டியபோது எனக்கே பகீரென்றது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஓராண்டுக்குள் வளர்ந்துவிடும். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் உருவாகும் என்பதால் ஆறு மாதத்துக்குத் தடுப்பு மாத்திரை தருவது வழக்கம். மூட்டுவலிக்கு நாமாக வாங்கிப் போடும் ஐபுபுரோஃபன், டைக்ளோஃபினாக் வகையறா, குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, இனி ஆகாது. புண் வந்துவிடும். மது முன்னைவிட விறுவிறுவென ஏறும். பெண்களுக்கு ஒரு எச்சரிக்கை: எடை குறைந்ததும் பல ஆண்டு தள்ளிப்போன கரு சட்டென்று தங்கிவிடலாம், ஆனால் முதல் ஒன்றரை ஆண்டு கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது.

எவ்வளவு குறையும்? முதல் ஒன்றரை ஆண்டில் மொத்த எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை. 110 கிலோவில் தொடங்கியவர் 80ஐ ஒட்டி நிற்பார். கல்யாண ஆல்பத்தில் இருந்த 55ஐ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தொங்கும் தோல் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். நீரிழிவு சிலருக்கு எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே அடங்குகிறது. அக்காவுக்கு இன்சுலின் இரண்டாம் வாரமே நின்றது. ஆனாலும் "சர்க்கரை போயே போச்சு" என்று சொல்வோரைக் கண்டால் எனக்கு ஓர் ஆய்வு ஞாபகத்துக்கு வரும். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 150 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2017இல் வெளிவந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே நின்றது பைபாஸில் 29 விழுக்காட்டினருக்கு, ஸ்லீவில் 23, வெறும் மருந்தில் 5. மருந்தைவிடப் பல மடங்கு மேல், அதேசமயம் மூன்றில் ஒருவரைக்கூட எட்டவில்லை.

இரண்டாம் ஆண்டில் பசி திரும்பும். எடையும் கொஞ்சம் திரும்பும், இது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். அதிகமாகத் திரும்புவதற்குக் காரணம் பெரும்பாலும் வாயில் போட்டதும் கரைகிற தீனி. கோழித்துண்டு இரண்டு உள்ளே போனால் வயிறு போதும் என்கிறது. முறுக்கும் பிஸ்கட்டும் மைலோவும் எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். தீபாவளி டின் திறந்திருக்கும் வீட்டில், தொலைக்காட்சி முன்னால், அறுவை செய்த இரைப்பையும் தோற்றுவிடும். பத்துமலையின் 272 படி ஏறி உச்சியில் எடுத்த முன்-பின் படங்கள் நிறையச் சுற்றுகின்றன. அந்தப் படத்தில் வராதது சாப்பாட்டு மேசையில் இருக்கும் மாத்திரைப் பெட்டி. பல்லுயிர்ச்சத்து, பி12, கால்சியம், டி, இரும்பு, ஆயுள் முழுக்க. கால்சியமும் இரும்பும் சேர்ந்து போனால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். தேநீரும் இரும்பைக் கெடுக்கும்.

விரதங்கள் தனிக் கணக்கு. பினாங்கிலுள்ள எங்கள் குடும்ப நண்பர் ஒருவர், தமிழ் முஸ்லிம், பைபாஸ் செய்தவர். முதல் ரமலான் நோன்பை மருத்துவர் சொல்படி விட்டார். பகல் முழுக்கத் தண்ணீரை நிறுத்தினால் இரவுக்குள் ஒன்றரை லிட்டரைக் குட்டிப்பையில் ஏற்ற முடியாது. நோன்பு விட்டதைவிட, நோன்பு திறக்கும் நேரத்தில் நாசி கண்டார் தட்டைத் தள்ளிவைத்ததுதான் அவருக்குப் பெரிய சோதனையாம்.

அக்காவுக்குத் தைப்பூசம். காவடி எடுக்காவிட்டாலும் 48 நாள் சைவம் பிடிப்பாள், முட்டையும் தொடமாட்டாள். போன முறை ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு தரைதட்டியிருந்தது, புரதமும் குறைவு. இந்த ஆண்டு விரதம் வேண்டாமே என்று நான் இழுத்தேன். உணவியல் நிபுணர் தடுக்கவில்லை, 60 கிராம் கணக்கை எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று மட்டும் கேட்டு அனுப்பினார். அந்தக் கேள்வி இப்போது அம்மாவின் அடுப்படியில் இருக்கிறது. பாசார் மாலாமில் வாங்கிய தெம்பேயை ஒரு நாள் சம்பலில் பிரட்டுகிறார், ஒரு நாள் புளிக்குழம்பில் போடுகிறார். நேற்று வறுவலாகச் செய்து, சமையலறைத் தராசில் வைத்து 80 கிராம் நிறுத்து, அக்காவின் கிண்ணியில் போட்டார். மீதியை என் தட்டில் கொட்டினார்.